கெட்டியாக்குற மருந்து

காலையில் எழுந்ததும் லாயத்து மணலை வாரிச் சமப்படுத்திவிட்டுத்தான் யோகராஜ் வேறு வேலை பார்ப்பான். அன்றைக்கு வாரப் போனவன், யாரோ குச்சியால் கிழித்துவிட்டது போல மணலில் ஒரு கோடு கிடப்பதைப் பார்த்தான். எந்தக் குரங்கு உள்ளே வந்து விளையாடியதோ என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வாரி அழித்தான். மறுநாளும் அதே கோடு. அப்போதுதான் நின்று கவனித்தான். சப்பையா நடக்கையில் வலது பின்னங்கால் குளம்பு நிலத்தைவிட்டு எழும்பவில்லை, உரசிக்கொண்டே வந்தது.

சப்பையா என்றது ஆளை அல்ல, குதிரையை. அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள இந்த ரப்பர் தோட்டத்தில் பழைய துரை பங்களா பாழடைந்து கிடந்தது. இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரம் செய்கிற மீராசாஹிப் ஹாஜியார் அதைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் ஆக்கினார். வெள்ளைக்காரர்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே சவாரி போகட்டுமே என்று இரண்டு குதிரைகளும் வாங்கி வந்தார். வியாபாரி வாயில் வியாபாரப் பெயர்தானே வரும்? ஆணுக்கு ஸஃபையர், பெண்ணுக்கு ரூபி. ஸஃபையர் என்று நாக்கு புரளாத லயத்துச் சனம் அதைச் சப்பையா ஆக்கியது. கடைசியில் அப்படிக் கூப்பிட்டால்தான் குதிரையே திரும்பிப் பார்த்தது. ஹாஜியாரும் வேறு வழியில்லாமல் சப்பையா என்றுதான் கூப்பிட்டார்.

"பயமில்லாத ஆள் யாரு?" என்று அவர் கேட்ட நாளில் யோகராஜ் கையைத் தூக்கினான். பயம் வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் ரப்பர் பால்வாளி சுமந்து சுமந்து தோள் இற்றுப்போயிருந்தது, அதனால் தூக்கிவிட்டான். ஆறு வருஷத்தில் குதிரையின் மூச்சு மாறினாலே அவனுக்குத் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. மனிதர்கள் இருப்பது லயம், குதிரைகள் இருப்பது லாயம், ஒரு கால்தான் வித்தியாசம் என்று அவன் பெண்சாதி கிருஷ்ணகுமாரி கேலி செய்வாள். அந்த ஒரு காலுக்காகத்தான் லாயத்துக்கு ஓடு புதுசு, எங்கள் லயத்துக்கு ஒழுகுகிற தகரம் என்றும் சேர்த்துச் சொல்வாள்.

மூன்றாம் நாள் சப்பையா கொள்ளைத் தொடவில்லை. நெற்றியைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது. கீழுதடு தானாகத் துடித்தது. கயிற்றை அவிழ்த்தால் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. ரோதை முனிக்கு ஏறிப் போகக் குதிரை வேண்டியிருக்கிறது போல என்று ஸ்டோரில் யாரோ சொன்னார்கள். தோட்டத்து ஃபெக்டரியை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வது, அதற்குக் காவல் ரோதை முனி. யோகராஜுக்கு வந்ததே கோபம். "முனி வேணும்னா பஸ்ல போகட்டும்!" என்று கத்திவிட்டு வந்து அரசாங்க மிருக வைத்தியருக்கு ஃபோன் எடுத்தான்.

வந்தவள் ஷஸ்னா. குருவிட்டக்காரி, வேலைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். ஜீப்பைவிட்டு இறங்கியதுமே உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"யோகராஜண்ண, நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து செய்ற ஆள். குதிரைய கூடுதலா புத்தகத்துலதான் பாத்தீக்கி. ஒண்டும் மறைக்காம எல்லாம் செல்லுங்க."

இவன் கோட்டில் தொடங்கி எல்லாம் சொன்னான். அவள் காய்ச்சல் பார்த்தாள், கண்ணில் டோர்ச் அடித்தாள், வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாள். பலம் இல்லாத பக்கமாகக் குதிரை சாய்ந்தது. இரத்தம் எடுத்தாள். வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் ஊசி போட்டாள். வெறும் கையால் வாய்க்குள் தொடவே கூடாது, நாய் கடித்து வருகிற விசர் நோயாகவும் இருக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவனோ இரண்டு நாளாக வாய்க்குள் கையை விட்டுத்தான் கைமருந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. லாயத்து வாசலில் நின்று தலைத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"ரத்தத்துல ஒண்டும் இல்ல. மூளைக் காய்ச்சல் தார பேர் போன வைரஸ் மூணத் தேடிப் பாத்திக்கிறாங்க. மூணும் இல்ல."

"அப்ப நல்லதுதானுங்களே, டொக்டரம்மா?"

"நல்லதில்ல. பேர் போன ஆளா இருந்தா இன்னார்தான் எண்டு தெரிஞ்சுக்கலாம். பேர் போகாத வைரஸ் எத்தனையோ ஈக்கி. நுளம்பு கடிச்சு வாரது, உண்ணி கடிச்சு வாரது, ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொண்டு. இஞ்ச யாரும் அதுகளத் தேடினதே இல்ல. தேடாதது எப்படிக் கெடைக்கும்?"

"தேடச் சொல்ல முடியாதுங்களா?"

"மூளையில ஒரு துண்டு கெடைச்சா தேட ஏலும்." சப்பையாவைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உசிரோட ஈக்கிறதுகிட்ட அத எடுக்க ஏலாதே."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, அன்றைக்குத் தொடங்கிய மழை ஐந்து நாள் விடவில்லை. கீழே ஆறு ரோட்டுக்கு ஏறியது. தோட்டத்துப் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. கரண்ட் போய்விட்டது. சப்பையா விழுந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி விழுந்தது. விழுந்த இடத்திலேயே கால்களை மட்டும் ஓடுவது போல அடித்துக்கொண்டு கிடந்தது. ஐந்தாம் நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில், அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த யோகராஜுக்கு, தடவுவது இனி யாருக்கும் இல்லை என்று தெரிந்தது. ஐயோ, அவன் அழுத அழுகையை அவன் பெற்ற தாய் செத்தபோதுகூட யாரும் பார்த்ததில்லை.

பக்கத்துத் தடுப்பில் ரூபி நின்றது. இனி அதைப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷஸ்னாவுக்கு ஃபோன் எடுத்தான்.

ஜீப்பை மண்சரிவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் மழையில் நடந்து வந்து சேர்ந்தாள் அந்தப் பிள்ளை. நல்ல தடிமல், மூக்கால் ஒரு மூச்சு விட முடியவில்லை. இரண்டு முகமூடி, கண்ணாடி, முழங்கை வரைக்கும் கையுறை என்று கட்டிக்கொண்டு, ரப்பர் மரத்தடியில் படங்கு கட்டி அதற்குள்ளே வேலையைத் தொடங்கினாள். யோகராஜ் படங்குக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டான். சத்தம் மட்டும் கேட்டது. அதுவே போதும் போதும் என்று ஆகிவிட்டது.

மூளையில் ஒரு துண்டு ஐஸ் பெட்டிக்குள் போனது. கரண்ட் இல்லாத ஹோட்டலில் மிச்சமிருந்த ஐஸ் அது, பாதி தண்ணீர். இன்னொரு துண்டுக்காகப் பையைத் திறந்தவள், "அல்லாஹ்வே!" என்றாள். வழியில் சறுக்கி விழுந்தாளாம். அதிலே போத்தல் உடைந்து மருந்து முழுக்கப் பைக்குள் ஊற்றிக் கிடந்தது.

"ஃபோமலின் போத்தல் ஒடைஞ்சிட்டு, யோகராஜண்ண. இஞ்ச எங்கயாச்சும் எடுக்க ஏலுமா?"

"அது என்னாங்க?"

"இந்தத் துண்டு இப்ப தயிர் மாதிரி ஈக்கி. நாளைக்கிக் கரைஞ்சு போகும். இத கெட்டியாக்கி அழுகாம வெக்கிற மருந்து. ஐஸ்ல வெச்சது போய்ச் சேருமோ தெரியா. இதுதான் நம்பிக்க."

"கெட்டியாக்குற மருந்தா?" அத்தனை துக்கத்திலும் யோகராஜின் முகம் மலர்ந்தது. "போமி! நம்ம ஸ்டோர்ல கேன் கேனா கெடக்குதுங்களே!"

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனிடம் கெட்டியாக்குகிற மருந்து என்றால் வேறு எது ஞாபகத்துக்கு வரும்? வாளி வாளியாகப் பால் ஸ்டோருக்கு வரும். தட்டில் ஊற்றித் தண்ணீர் கலந்து போமியை அளந்து விடுவார்கள். மறுநாள் பார்த்தால் தயிர் மாதிரி உறைந்து, அழுத்தினால் விரல் எகிறும். கேனில் ஒட்டியிருக்கிற கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசித்தார்கள்? அவன் பாட்டன் காலத்திலிருந்து அது போமிதான்.

"போமி எண்டா ஃபோமலின்தானே?" என்று ஷஸ்னா கேட்கத்தான் செய்தாள்.

"ஆமாங்க. அதத்தான் நாங்க போமின்னு சொல்றது."

இவ்வளவுதான் அவன் சொன்னது. சொல்லிவிட்டு மழையில் ஸ்டோருக்கு ஓடினான்.

ஸ்டோரில் போமிக்குப் பொறுப்பு இருளப்பன். அரைச் சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டே, "எதுக்குடா இது? குதிரைப் பாலக் கறந்து ரப்பர் ஷீட் போடப் போறியா?" என்று சிரித்தார். சப்பையா செத்துவிட்டது என்று இவன் சொன்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எதற்கு என்று அதன்பிறகு அவர் கேட்கவில்லை. "கைய கவனம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஷஸ்னா ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர் கலந்து, துண்டை உள்ளே விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்து இறுகியது.

"பாத்தீங்களாங்க, கெட்டியாயிருச்சு!" என்றான் யோகராஜ். அவனுக்குப் பெருமைகூட வந்துவிட்டது. ஸ்டோரில் இருளப்பன் ஊற்றும்போது தன் பெருவிரலில் இரண்டு சொட்டுச் சிந்தியதை அவன் பெரிதாக எடுக்கவில்லை.

போத்தலும் பெட்டியும் ஷஸ்னாவின் முதுகில் ஏறி, மண்சரிவு தாண்டிப் போயின.

பிறகு காத்திருப்பு. வாய்க்குள் கைவிட்டவன் என்பதால் அவனுக்கு ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி. "பல்லாகென்த?" என்று சிங்களத்தில் கேட்டாள் நர்ஸ், நாயிடமிருந்தா என்று. "நே மிஸ், அஷ்வயாகென்" என்றான். குதிரையிடமிருந்து என்றதும் அவள் பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவனுக்கு மானம் போனது. போகட்டும், ரூபி பிழைத்தால் போதும் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

ரூபியின் உயிர் ஒரு கடதாசியில் தொங்கியது. அந்த வாரமே ஹாஜியார் வந்து லாயத்து வாசலிலேயே நின்று, உள்ளே வராமல் பேசினார்.

"எனக்கும் மனசு ஈக்கி, யோகராஜ். ரூபி இப்ப நல்லாத்தான் நிக்கிது. ஆனா ஹோட்டல்ல பதினாறு பேர் வேல செய்ற. வந்து தங்கிறவன் சின்னப் புள்ளகளோட வாரான். என்ன வியாதியெண்டு தெரியாம நான் எப்படி வெச்சிக்கொள்ற? ரிப்போட் வரட்டும். நுளம்புல வாரது, ஆளுக்குத் தொத்தாதது எண்டு ஒரு பேர் வந்தா ரூபி அதுட பாட்டுக்கு இருக்கட்டும். பேர் வராட்டி ஊசி போட்டு முடிச்சிர வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் யோகராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டக்கூட ஆள் இல்லை.

ரூபி ஒரு சேட்டைக்காரி. கிட்டே போனால் சட்டைப் பொத்தானைப் பல்லால் கவ்வி இழுக்கும். யோகராஜிடம் பொத்தான் முழுசாக உள்ள சட்டை ஒன்றும் கிடையாது. சப்பையா போன பிறகு அது பக்கத்துத் தடுப்பைப் பார்த்துப் பார்த்துக் கனைத்தது. இவன் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் மணலை வாரி, அதை ஒரு சுற்று நடக்கவிட்டு, மண்டியிட்டுப் பார்ப்பான். நாலு குளம்பின் தடமும் தனித்தனியாக, கிண்ணம் வைத்து அழுத்தியது போலக் கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி இறங்கும்.

சப்பையா போன எட்டாம் நாள் மத்தியானம் சாப்பாடு போடும்போது கிருஷ்ணகுமாரி அவன் பெருவிரலைப் பார்த்தாள். தோல் உரிந்து உள்ளே சிவந்திருந்தது.

"இது போமிக் காயமில்ல? ஒங்களுக்கு ஸ்டோர்ல என்னா வேலை?"

சொன்னான். அவள் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"மூளையவா? போமியிலயா?"

"ஃபோமலின்னா அதுதானே."

"யாரு சொன்னா ஒங்களுக்கு? எங்கண்ணன் ஆஸ்பத்திரி மோச்சரில வேலை செஞ்சிச்சே, மறந்துட்டீங்களா? பொணத்தக் கெடாம வைக்கிறதுதான் ஃபோமலின். போமி அசிட்டுங்க, அசிட்டு! ரெண்டு சொட்டுக்கு ஒங்க தோலு இந்தக் கோலம். அந்த மூளை என்னாத்துக்கு ஆகும்?"

பிசைந்த சோற்றை விட்டுவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதுவும் கெட்டியாத்தானே ஆச்சு" என்றான்.

"ரப்பர் பாலும்தான் கெட்டியாகுது. அதத் திரும்பப் பாலாக்க முடியுமா?"

எழுந்து வெளியே வந்து ஷஸ்னாவின் நம்பரை எடுத்தான். மணி அடிக்கும் முன்னமே வெட்டினான். சொன்னால் வெட்கக்கேடு, அழுதால் துக்கக்கேடு. நாளைக்குச் சொல்லுவோம் என்று வைத்தான். நாளை வந்ததும் அதற்கும் நாளை என்று வைத்தான். யாருக்குத் தெரியும், பெயர் கிட்டக் கிட்ட இருக்கிறது, இரண்டும் அக்கா தங்கச்சி மருந்தாக இருந்தாலும் இருக்கும், படித்தவர்கள் எப்படியாவது எடுத்துவிடுவார்கள் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாவி மனுஷன், ஒரு பொய்யைச் சொல்லவும் நம்பவும் அவன் ஒருவனே போதுமாயிருந்தான்.

நாலாம் வாரம் ஷஸ்னா வந்தாள். வெயில் அடித்தது, ரோடு திறந்திருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வருகிற நடையிலேயே அவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"விசர் நோய் இல்ல. ஒங்களுக்கு ஒரு பயமும் வேணாம்" என்று அதைத்தான் முதலில் சொன்னாள். பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஐஸ்ல வெச்சது போய்ச் சேரக்குள்ள அழுகிட்டு. விசர் நோய மட்டும்தான் பாக்க ஏலுமாயிருந்திச்சு. மத்தத் துண்டுல ஒண்டுமே பாக்க ஏலாதாம். எரிஞ்ச மாதிரி ஈக்கிதாம். நான் எத்தன பேருக்கு எழுதினேன் தெரியுமா? வெளிநாட்டுல ஒரு லெப்ல, பேர் போகாததெல்லாம் வரிசையாத் தேடித் தாரோம், அனுப்புங்க எண்டு செல்லீந்தாங்க. இப்ப அனுப்ப ஒண்டுமில்ல. தண்ணி கலந்த கணக்கு பிழைச்சிருக்கும். என்ட பிழதான்."

அவள் கண் கலங்கியிருந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதை அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை.

"ஒங்க பிழை இல்லீங்க டொக்டரம்மா. அது ஃபோமலினே இல்ல. ரப்பர் பாலு உறைய ஊத்துற அசிட்டு. நாந்தான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னேன். தெரிஞ்ச பொறகும் ஒங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். என்னைய செருப்பால அடிங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"நானும் மணந்து பாக்கல்ல" என்றாள். "ஒரு தரம் முகமூடிய எடுத்து மணந்தீந்தா தெரிஞ்சீக்கும். மூக்கும் அடைச்சீந்திச்சு. நீங்க செல்லீட்டீங்க எண்டு ஊத்தினேன்."

"ரூபியோட ரத்தத்துல பாக்க முடியாதுங்களா?"

"எந்த வைரஸெண்டு தெரிஞ்சாத்தானே ரத்தத்துல அதத் தேட ஏலும்? பேர் தெரியாத ஆள எந்த ஊட்டுல போய்த் தேடுற, யோகராஜண்ண?"

எழுந்து பங்களாவுக்குப் போனாள். ஹாஜியாரிடம் அவள் என்ன பேசினாள் என்று தெரியாது. யோகராஜின் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் பிறகு தெரிந்தது. பக்கத்துக் குதிரைக்கு இத்தனை நாள் ஒன்றும் வரவில்லை, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அதுவரைக்கும் ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று மன்றாடியிருக்கிறாள். ஹாஜியார் தாடியைத் தடவித் தடவி, "ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்து, "ரெண்டு கெழம" என்றாராம். யோகராஜ் ஓடிப்போய் ரூபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது பொத்தானை இழுத்தது. இழு தாயே, எல்லாத்தையும் இழுத்துக்கோ என்றான்.

ஒரு கிழமை சுத்தமாகப் போனது. நாலு குளம்பு, நாலு கிண்ணம். அவன் நாளை எண்ணிக்கொண்டே வந்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் கோடு கிடந்தது.

நீளம்கூட இல்லை, ஒரு சாண். இடது பின்னங்கால். யோகராஜ் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு காலால் அதை அழித்தான். அழித்துவிட்டு மணலை வாரினான். வாரிய இடத்தையே மறுபடி வாரினான். கண் ஏமாற்றியிருக்கும், ஈ கடித்துக் காலை உரசியிருக்கும், லாடம் தளர்ந்திருக்கும். குனிந்து லாடத்தை ஆட்டிப் பார்த்தான், அது கல்லு மாதிரி இருந்தது. பத்தாம் நாள் கோடு ஒரு முழம். அதையும் அழித்தான். அவன் வியாதியை அழிக்கவில்லை, மணலைத்தான் அழித்தான். அது அவனுக்குத் தெரியாமலா இருந்தது? வேறு என்ன செய்யக் கையில் இருந்தது, சொல்லுங்கள்.

பதினோராம் நாள் ஷஸ்னா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். ஜீப் சத்தம் கேட்டதுமே அவன் மணலை வாரி முடித்து வாசலை மறித்து நின்றான்.

"எப்படி ஈக்கி எங்கட ரூபி?"

"நல்லா இருக்குதுங்க டொக்டரம்மா. ஒரு குறையும் இல்லீங்க."

அவன் குரல் கேட்டதும் உள் மூலையில் நின்ற ரூபி திரும்பியது. பொத்தானைத் தேடித்தான். புதிதாக வாரிய மணலில் மெல்ல மெல்ல அவனிடம் வந்தது. அது வந்த வழி முழுக்க, மூலையிலிருந்து அவன் காலடி வரைக்கும், ஒரே கோடாகக் கிடந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஷஸ்னா வாசலில் நின்றவனை ஒதுக்கினாள். உள்ளே போய்க் காய்ச்சல் பார்த்தாள், வாலை இழுத்துப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள். தன்னால் முடிந்த அந்த இரண்டு ஊசியையும் போட்டாள். சப்பையாவுக்குப் போட்ட அதே ஊசிகள்.

"இது புடிக்குங்களா?"

"தெரியா. காய்ச்சல் கொறையும். மிச்சத்த அதுட உடம்புதான் பாக்கணும். என்ன வியாதியெண்டு தெரிஞ்சீந்தாலும் மருந்து ஈக்குமெண்டு நான் செல்லமாட்டேன், யோகராஜண்ண. பொய் செல்ல ஏலா."

"ஹாஜியார்கிட்ட?"

"நான் செல்றேன். இப்பவே ஊசி போட்டு முடிக்கச் சொல்லி அவர் செல்லுவார். மூணு நாள் கேக்கிறேன். தாருவாரெண்டு நெனைக்கிறேன்."

ஜீப்புக்குப் போய்த் திரும்பி வந்தவள் கையில் பஞ்சு சுற்றிய ஒரு போத்தல் இருந்தது. தெளிந்த தண்ணீர் மாதிரி மருந்து. அவனிடம் நீட்டினாள்.

"பின்னேர மழ திரும்பத் தொடங்கீட்டு. ரோடு மூடினா நான் வர சுணங்கும். இந்த முற எது ஒடைஞ்சாலும் இது இஞ்ச ஈக்கணும். வாசிங்க."

அவன் சாதாரணதரப் பரீட்சை வரைக்கும் பள்ளிக்கூடம் போனவன்தான். ஆனாலும் கடதாசியில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். "எஃப், ஓ, ஆர், எம், ஏ, எல்..." உரிந்து ஆறிய பெருவிரல் எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. "ஃபோமலின்" என்று முடித்தான். அவள் தலையாட்டினாள்.

"இது தேவப்படாமலே போகலாந்தானுங்களே?"

ஷஸ்னா பையின் சிப்பை இழுத்து மூடினாள். அது சிக்கிக்கொண்டது, மறுபடி இழுத்தாள். பிறகு, "எதுண்டாலும் ஒடனே ஃபோன் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பங்களாப் பக்கம் நடந்தாள்.

போத்தலைப் பிடித்துக்கொண்டு யோகராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். சரியான மருந்து, சரியான கையில், சரியான நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டது. அவனுக்கு அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சுவர்த் தட்டில் வைத்தான், ரூபி தலையை நீட்டிப் பார்த்தது. எடுத்துத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால், ரூபி எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்க முடியாத இடமாகப் பார்த்து வைத்தான். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கையைக் கழுவினான். ஒரு பிடி புல் அறுத்துக்கொண்டு உள்ளே போனான்.

ரூபி காலை இழுத்து இழுத்து அவனிடம் வந்தது. புல்லைத் தொடவில்லை. அவன் கையை வெகு நேரம் மோந்து பார்த்தது. பிறகு வழக்கம் போலச் சட்டையில் மிச்சமிருந்த பொத்தானைத் தேடிக் கவ்வி இழுக்கத் தொடங்கியது.